தப்பு வந்தா காபி

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. தப்புப் பண்ணித் திட்டு வாங்காத உத்தியோகம் உண்டா? உங்களுக்கும் தெரியும். ஆனா நான் இருந்த இடத்துல தப்பு வந்தா காபி. எண்பதுகள்ல திருச்சியில ஒரு காலேஜ். அங்கே கம்ப்யூட்டர் ரூமுக்கு நான் அட்டெண்டர். வர்றவங்களைச் செருப்பைக் கழட்டச் சொல்றதும் ஏசியைப் பார்த்துக்கறதும்தான் வேலை.

கண்டபடி அமுக்குங்க

வைதேகி மேடம் ஸ்ரீரங்கத்துப் பொண்ணு. ஒரு புரோகிராம் தப்பே பண்ணாதுன்னு கணக்குப் போட்டு நிரூபிக்கிறது அவங்க ஆராய்ச்சி. மொட்டைமாடித் தண்ணித்தொட்டி நிரம்பினதும் கம்ப்யூட்டரே மோட்டாரை நிறுத்தணும். அதை நிரூபிச்சாத்தான் டாக்டர் பட்டம். அதுக்கு முன்னாடி, தப்பு இருந்தா வெளிய வரட்டும்னு என்னை உட்கார வச்சு, கீபோர்டுல மனசுக்குப் பட்டதை அமுக்கச் சொன்னாங்க. படிச்சவங்க சரியாத்தான் அமுக்குவாங்களாம்.

ஒருநாள் முழங்கையை ஊன்றினேன், திரை அப்படியே நின்னுபோச்சு. வேலை போச்சுன்னு எழுந்து நின்னா, மேடம் முகமெல்லாம் சிரிப்பு, கேன்டீன்லேருந்து காபி. அடுத்த வாரம் பூரா அமுக்கியும் ஒண்ணும் ஆகலை. மேடம் வாடிப்போய்க் கேட்டாங்க: "என்ன செல்லையா, உடம்பு சரியில்லையா? ஒரு தப்புகூட வரமாட்டேங்குதே."

நல்ல பையன்

அச்சடிச்ச தாளைக் கொடுக்கப் காவேரிப் பாலம் தாண்டி அவங்க வீட்டுக்குப் போனேன். மேடத்தோட அம்மா மோர் கொடுத்துட்டுப் புலம்பினாங்க. திருவானைக்காவல்லேருந்து பேங்க் மாப்பிள்ளை பொண்ணு பார்க்க வந்தாராம். "நல்ல பையன்டீன்னு சொன்னோம். 'நல்லவர்னு நிரூபணம் இருக்கா, இல்லே இதுவரைக்கும் தப்பு ஒண்ணும் அகப்படலையா?'ன்னு அவா எதிர்லயே கேக்கறா. வந்தவா பஜ்ஜியைக்கூடத் தொடாம எழுந்துண்டுட்டா."

துறையூர் பஸ்

நிரூபணம் எழுதி முடிச்சு, சுவர் பூரா ஒட்டினாங்க. "மோட்டாரை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாத் தெரிஞ்சிடாதா மேடம், இதுக்கு இவ்வளவு தாளா?"ன்னு கேட்டேன்.

"துறையூர் பஸ் நேத்து உங்க ஸ்டாப்புல நின்னுதுன்னா இன்னிக்கும் நிக்குமா? என் மோட்டார் என்னிக்கும் நிக்கும்."

நனைஞ்ச கம்பி

பட்டத்துக்குக் கையெழுத்துப் போடவேண்டிய வெளியூர்ப் பேராசிரியர் வந்து, தொட்டிக்கு நேர் கீழே அண்ணாந்து நின்னார். தொட்டி நிரம்புச்சு, மோட்டார் நின்னுது. அவர் பாராட்ட வாயெடுத்தார், கரண்ட் போச்சு. திரும்ப வந்ததும் மோட்டார் ஓட ஆரம்பிச்சுது. நிரம்பின தொட்டி வழிஞ்சு அவர் தலையில அபிஷேகம்.

தொட்டிக்குள்ள மேலே ஒரு கம்பி. அது காய்ஞ்சிருந்து நனையற அந்த நேரத்தைப் பார்த்துத்தான் புரோகிராம் மோட்டாரை நிறுத்தும். கரண்ட் வந்ததும் புரோகிராம் மறுபடி முதல்லேருந்து தொடங்கி, மோட்டாரைப் போட்டுட்டு, கம்பி எப்ப நனையும்னு காத்துக்கிட்டிருந்துது. கம்பியோ ஏற்கெனவே நனைஞ்சு கிடக்கு. நிரூபணத்தோட முதல் வரியே 'ஆரம்பத்தில் தொட்டி காலி'ன்னுதான். திருச்சியில குடியிருந்துக்கிட்டு, கரண்ட் போகும்னு அத்தனை தாள்ல ஒண்ணுலகூட எழுதலை.

"இதுக்கா பட்டம் கேக்கறே?"ன்னார் பேராசிரியர், கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே. நான் மேடத்தைப் பார்த்தேன். அழப்போறாங்கன்னு நினைச்சேன்.

"முதல் வரிதான் தப்பு சார். சாயங்காலத்துக்குள்ள மாத்திடறேன். நீங்க முதல்ல காபி சாப்பிடுங்கோ."

கடைசிக் காபி

முதல் வரி 'தொட்டி எப்படி இருந்தாலும்'னு மாறிச்சு. கம்பி ஏற்கெனவே நனைஞ்சிருந்தா மோட்டாரைப் போடவே கூடாதுன்னு புரோகிராமையும் மாத்தி, கீழே இருந்த தாளெல்லாம் திரும்ப எழுதினாங்க. சாயங்காலம் நான் ஃபியூஸைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டேன். தொட்டி நிரம்பியிருந்த வரைக்கும் மோட்டார் அசையலை. பேராசிரியர் இரவல் வேட்டியோட கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மேடம் பிளாஸ்க்கோட கரண்ட் ஆபீசுக்குக் கிளம்பினாங்க, நானும் கூடப் போனேன். முந்தின நாள் லைனை நிறுத்தின லைன்மேன், புகார்னு நினைச்சுக் கம்பத்துக்குப் பின்னாடி ஒதுங்கினார். அவரைக் கூப்பிட்டு டம்ளர்ல ஊத்திக் கொடுத்தாங்க. குடிச்சு முடிச்சு, சந்தேகத்தோடவே சொன்னார்: "கரண்ட்டை நிறுத்தினதுக்குக் காபி கொடுக்கறது நீங்க ஒருத்தர்தாம்மா."

மேடம் டம்ளரை வாங்கிக் கழுவி வச்சுக்கிட்டு, அடுத்த கரண்ட் கட் என்னிக்குன்னு அவர்கிட்டக் கேட்டுக்கிட்டுத்தான் வீடு திரும்பினாங்க.