பெருநாள் தட்டு

காசிம் மைதானத்தில் விழுந்ததற்கு வெயில் காரணமல்ல, நோன்பும் காரணமல்ல. நான்தான் காரணம். ஒரு பொய்யை இரண்டு பேரிடம் இரண்டு விதமாகச் சொன்னேன்.

இதைப் படிக்கும் நீங்கள் என்னைப் பார்த்திருக்கலாம். திருநெல்வேலியில் காக்கி உடுப்போடு சைக்கிளில் போகிற சப்-இன்ஸ்பெக்டர். தங்கமான மனிதர் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயர், இந்த உடுப்பு, இரண்டுமே அன்றைக்குக் கிடைத்தவைதான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கல்லூரிக் கால்பந்து அணிக்கு நான் தலைவன். சைவ வேளாளர் வீட்டுப் பிள்ளை. தோல் பந்து பட்ட உடம்போடு வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஆற்றில் முங்கி எழுந்துதான் வீடு திரும்புவேன். பந்தைத் தலையால் முட்டவே மாட்டேன். காசிமோ தலையால், மார்பால், வெறுங்காலால்... எப்படித் தொட்டாலும் பந்து அவன் சொன்னபடி கேட்டது. மேலப்பாளையத்து நெசவாளி மகன். என்னைவிட இரண்டு வயது இளையவன், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவான்.

அந்த வருஷம் நான்கு ஆட்டம் ஆடி நான்கிலும் ஜெயித்தோம். கோல் எல்லாம் அவன் போட்டவை. கடைத்தெருவில் எங்களைக் கல்லூரி அணி என்று சொல்வதையே விட்டுவிட்டார்கள். 'காசிம் கட்சி' என்றார்கள். தலைவன் நான்... கட்சி அவனுடையது!

கடைசி ஆட்டம் மதுரை அணியோடு. போலீஸ் சூப்பிரண்டு துரை பார்க்க வருகிறார், ஒருவனைச் சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு எடுக்கப்போகிறார் என்று பேச்சு. காசிம் வீட்டில் தறியை விட்டு வேறு வேலைக்குப் போனவர் ஒருவரும் இல்லை. அவன் வாப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. எனக்கு வயல் இருந்தது, வீடு இருந்தது. அந்த வேலை எனக்கு வேண்டியதே இல்லை. அவனுக்குக் கிடைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

ஆட்டம் நோன்பு மாதத்தில் வந்தது. கல்லூரி முதல்வரான வெள்ளைக்காரத் துரை என்னைக் கூப்பிட்டார். காசிம் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆட வேண்டியிருக்குமே, பெருநாளுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமா, அவனைக் கேட்டுச் சொல் என்றார். நான் வெளியே வந்து வேப்பமரத்தடியில் பத்து நிமிஷம் நின்றேன். யாரையும் கேட்கவில்லை. திரும்பிப் போய், தள்ளிவைக்க வேண்டாம் என்கிறான் என்று சொன்னேன்.

காசிமிடம் வேறு கதை.

"துரைகிட்ட எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேம்லே. தள்ளிவைக்க முடியாதுங்காரு. அன்னைக்கு நீ ஆடலன்னா அணியில இருந்தே பேரை அடிச்சிருவாராம்."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு, "எனக்காகப் போய்க் கேட்டியளே அண்ணாச்சி, அது போதும். நோன்பையும் விட மாட்டேன், பந்தையும் விட மாட்டேன்" என்றான்.

அப்போதாவது உண்மையைச் சொல்ல என் நாக்கு புரண்டிருக்கலாமே... புரளவில்லை.

ஆவணி வெயில். பாதி ஆட்டத்தில் எலுமிச்சம்பழத் தண்ணீர் வந்தது. மற்றவர்கள் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தார்கள். நான் அவன் எதிரே நின்று குடித்தேன். இரண்டு குவளை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிற்பாதியில் வேண்டுமென்றே பந்தை அவனுக்கு எட்டாத தூரத்துக்கு அடித்தேன். அவன் ஓடினான். மறுபடி அடித்தேன். மறுபடி ஓடினான். இரு பக்கமும் ஒரு கோல். கடைசி நிமிஷத்தில் மதுரைக் கோல்காரனையும் தாண்டிவிட்டான். எதிரே வெறும் கோல். ஒரு தட்டுத் தட்டினால் போதும். அங்கேதான் முழங்கால் மடங்கி விழுந்தான். பந்தை எடுத்துக்கொண்டு போன மதுரைக்காரர்கள் எங்கள் பக்கம் கோல் போட்டார்கள். தோற்றோம்.

முதலில் ஓடியது யார் தெரியுமா? நான்! அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். முகத்தில் தெளித்தாலே கண் விழித்திருப்பான். ஆனால் சூப்பிரண்டு துரை பார்த்துக்கொண்டிருந்தார். பல்லைப் பிரித்துத் தண்ணீரை வாயில் ஊற்றினேன்.

விழித்ததும் தொண்டையில் ஈரம் தெரிந்துவிட்டது.

"நோன்பு போச்சே அண்ணாச்சி" என்று அழுதான். போன கோலுக்காக அவன் அழவில்லை.

சூப்பிரண்டு துரை என் பெயரை விசாரித்தார். அடுத்த மாதம் எனக்கு உத்தரவு வந்தது. காசிம் படிப்பை நிறுத்திவிட்டுத் தறியில் உட்கார்ந்தான். ஆட்டம் நடந்த அன்று சாயங்காலம் நான் ஆற்றில் மூன்று முறை முங்கினேன். எதைக் கழுவ? தோல் தீட்டைத்தான்.

அதன் பிறகு ஒவ்வொரு பெருநாளுக்கும் என் வீட்டுக்கு ஒரு தட்டு வருகிறது. நாங்கள் சைவம் என்பதால் கற்கண்டு, வாழைப்பழம், பேரீச்சம்பழம். இந்த வருஷம் காசிமே தன் மச்சானோடு கொண்டுவந்தான். வாசலில் நின்று அவரிடம் என்னைக் காட்டினான்.

"எனக்காக வெள்ளைக்காரன்கிட்ட வாதாடுனவுக இவுகதான் மச்சான்."

இப்போது சொல், இப்போது சொல் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நான் சிரித்தேன். உட்காருங்கள் என்றேன்.

தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். என்ன வைப்பது என்று என் மனைவி கேட்டாள். என்னிடம் அவனுக்குக் கொடுக்க ஏழு வருஷமாக ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

வெற்றிலையும் தேங்காயும் வைத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனான்.