நடுவில் நட்ட ஏழு எண்கள்

சுடலைமணி சி.டி. தட்டை வேட்டி நுனியால் துடைத்து, வெயிலுக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். புதிதாக வரும் எதையும் முதலில் இப்படிக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடுவார். புது மைக் என்றால் முகர்ந்தும் பார்ப்பார்.

கோவில்பட்டி வட்டாரத்தில் மைக்செட் என்றால் அவர்தான். இல்லை என்பவனுக்குக் காது அடைத்திருக்கிறது என்று அர்த்தம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர், ஆம்ப்ளிஃபையரைப் பிரித்துப் போட்டே படித்தார். அவர் கட்டிய புனல் குழாய்கள் முழங்காத ஊர் எது?

அப்படிப்பட்டவரிடம்தான், சி.டி. இல்லாவிட்டால் இந்த வருஷம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரவேண்டாம் என்று நாகலாபுரத்துக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குழாய் கட்டாமல் அங்கே கொடை நடந்ததே இல்லை.

மெக்கானிக் அபுதாஹிர் ஒரு சி.டி. பிளேயரை மைக்செட் கடைக்குக் கொண்டுவந்து வைத்தார். அதன் முகப்பில் ஏதோ எட்டு மடங்கு என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

"அது என்னலே எட்டு?"

"தட்டுல இருக்கது பூரா எண்ணுதான் அண்ணாச்சி. செகண்டுக்கு நாப்பத்தி நாலாயிரத்துச் சொச்சம். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவுல, மிஷினே கணக்குப் போட்டு ஏழு எண்ணை நடுது. பெறகு அம்புட்டும் வழவழன்னு கரண்டாகி வரும். ரெண்டு எல்லைக்கல்லுக்கு நடுவுல வரப்புப் போடுத மாதிரி."

வரப்பு என்றதும், பக்கத்துக் காட்டுக்காரன் வரப்பைத் தள்ளிப் போட்டதில் நிலம் இழந்த சுடலைமணியின் முகம் இறுகியது.

"கல்லுக்கு நடுவுல எவன்லே யோக்கியமா வரப்புப் போட்டிருக்கான்? ஒண்ணு நெசம். மிச்சம் ஏழும் இவன் கைச்சரக்கு."

வில்லுப்பாட்டு முத்துமாரியம்மாள் பாடிய தட்டைச் சின்ன ஸ்பீக்கரில் போட்டார்கள். அந்த அம்மாளும் கடையில்தான் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அவருக்கு மைக் வைத்தே நரைத்தவர் சுடலைமணி. இதே பாட்டின் கேசட்டில் அந்தக் குரலின் ஒவ்வொரு வளைவும் அவருக்கு மனப்பாடம். பாட்டு உச்சிக்கு ஏறுமுன் 'ஸ்' என்று ஒரு சின்ன இழுப்பு கேட்டது.

சுடலைமணி பாட்டை நிறுத்தினார். "பிடிச்சிட்டேன்லா. இது கேசட்டுல கெடையாது. நட்ட ஏழுல ஒண்ணு இதுதான்."

"கொழுந்தனாரே, அது என் மூச்சு," என்றார் அம்மாள். "ஒம்ம கேசட்டு சோன்னு எரையுத எரைச்சல்ல அது எங்க கேக்கும்?"

"அப்படின்னா இங்கன பாடுங்க மதினி."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பாடினார். சுடலைமணி அவர் வாயருகே காதை நீட்டிக்கொண்டு நின்றார். உச்சிக்கு முன்னால், சுண்ணாம்பு வாசனையோடு, அதே இழுப்பு.

"மதினி மூச்சுலயும் வரப்பு தள்ளியிருக்கா அண்ணாச்சி?" என்றார் அபுதாஹிர்.

சுடலைமணி ஆம்ப்ளிஃபையரிலிருந்து டேப் ரெக்கார்டரின் ஒயரைப் பிடுங்கி, சி.டி. பிளேயரின் ஒயரைச் செருகினார். பாட்டு மறுபடி தொடங்கியது. மூச்சும் வந்து போனது. நிறுத்தும் பொத்தான்மேல் வைத்த கட்டைவிரலை மட்டும் அவர் எடுக்கவில்லை.