புகை நுழைந்த இடம்

பூசையில் தூபம் காட்டும்போது எஸ்டேட் கோயிலில் எல்லோரும் தலை குனிவார்கள். கிரகரி மட்டும் குனியமாட்டார். புகை எங்கே எழும்புகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது, எந்த இடுக்கில் நுழைகிறது என்று வாய் சற்றே திறந்திருக்கப் பார்த்துக்கொண்டு நிற்பார். புதிதாக வந்த சாமியார்கள் அதைப் பக்திக் குறைவு என்று எண்ணினார்கள். அந்த நேரத்தில் அவரைவிடப் பயபக்தியோடு அங்கே யாரும் நிற்கவில்லை என்பது அவர் மனைவி ரோஸ்மேரிக்குத்தான் தெரியும்.

ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் கிரகரி ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டினார். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போகும்போது விட்டுச்சென்ற கிழட்டு லோரி. மலையை ஏறி இறங்கியே தேய்ந்துபோனது. தேயிலைச் செடியில் பாதியைப் பிடுங்கிவிட்டுச் சர்க்கரைவள்ளி போட்டிருந்தார்கள். அந்தக் கிழங்கை மலையடியில் இருக்கிற தாப்பாவுக்கு இறக்குவது அவர் வேலை. கூடப் போகிற ஆள் ரோஸ்மேரியின் அண்ணன் லியோனார்ட்.

வண்டிக்கு ஒரு கோளாறு வந்தது. ஓடும்போது ஒன்றுமில்லை, நின்றால்தான் வினை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் என்ஜின் குளிர்காய்ச்சல்காரனைப் போல உதறும். பிறகு இருமும். பிறகு அணைந்துவிடும். சூட்டில் அணைந்த என்ஜினைக் கிளப்ப, முன்னால் கம்பியைச் செருகித் தோள்பட்டை கழலச் சுற்ற வேண்டும்.

மற்ற இடங்களில் காலை அழுத்தியபடியே இருந்து சமாளித்தார். ரிங்லெட் காவல் கொட்டகையில் அது நடக்காது. அங்கே வண்டியில் இருக்கிற அத்தனை பேரும் கீழே இறங்கி, துப்பாக்கியோடு நிற்கும் சிப்பாயை இடுப்பு வளைத்து வணங்க வேண்டும். அப்போது ஆக்சிலரேட்டரில் யார் காலை வைப்பது?

முதல் தடவை அணைந்தபோது கன்னத்தில் அறை விழுந்தது. அடுத்த தடவை கல்லைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு முழங்காலில் நிற்கவைத்தார்கள். அதற்கும் அடுத்த தடவை அதிகாரியே வெளியே வந்தான். இவன் வேண்டுமென்றே வண்டியைக் கெடுக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டான் போல. வடக்கே கையைக் காட்டி ஒரே சொல் சொன்னான்: "சயாம்."

இனி ஒருமுறை அணைந்தால் ரயில் பாதை போடப் போக வேண்டியதுதான். தோட்டத்திலிருந்து அப்படிப் போன ஒருவரும் அதுவரை திரும்பி வரவில்லை. ரோஸ்மேரியின் இடுப்பில் கைக்குழந்தை ரீட்டா.

"எண்ணெய்தான் மாப்ள," என்றார் லியோனார்ட், ஷெட்டில் குந்தியபடி. "ரப்பர்ல காய்ச்சுன எண்ணெய் வேற எப்படி ஓடும்? ஊத்துறவனும் அவன்தான், அறையிறவனும் அவன்தான்."

கிரகரியும் அப்படித்தான் நம்பியிருந்தார். அரிசி இல்லாததற்கும் துணி இல்லாததற்கும் ஜப்பான்காரனைத் திட்டிப் பழகிய வாய், லோரிக்கும் அவனையே திட்டியது. எண்ணெயை வடிகட்டிப் பார்த்தார், பிளக்கைத் தேய்த்துப் பார்த்தார். உதறல் நிற்கவில்லை. கடைசியில் எரிச்சலில், கார்பரேட்டர் காற்றை இழுக்கிற வாயை உள்ளங்கையால் பொத்தினார். 'செத்துத் தொலை' என்ற எண்ணம்தான்.

சாகவில்லை. பாதி பொத்தியதுமே உதறல் அடங்கி, என்ஜின் சீராக ஓடியது.

"மச்சான்! மூச்ச அடைச்சா உசுரு வருதே!"

"பேய் வண்டி லா இது. கையை எடு முதல்ல."

கிரகரி கையை எடுக்கவில்லை. வாயை அடைத்தால் நன்றாக ஓடுகிறதென்றால் காற்று ஏற்கெனவே அதிகம். அந்த அதிகக் காற்று வேறு எங்கிருந்தோ உள்ளே போகிறது. பாவம், எண்ணெய் மேல் குற்றமில்லை. ஆனால் எங்கிருந்து? காதை வைத்தார், விரலால் தடவினார். காற்று கண்ணுக்குத் தெரிகிற பொருளா என்ன?

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது ரோஸ்மேரி குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகையில் தலைமுடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். புகை நேராக எழும்பியது. பலகைச் சுவர் அருகே வந்ததும் வளைந்து, அவர் அதுவரை பார்த்தேயிராத ஒரு விரிசலில் நுழைந்து வெளியே போனது. கிரகரி சாம்பிராணிச் சட்டியைத் தூக்கினார்.

"ஏங்க, புள்ள தலை இன்னும் காயல! எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"லோரிக்குக் காட்டணும்."

"எண்ணெய் வண்டிகிட்ட நெருப்பா? சயாமுக்குப் போறதுக்கு நேரா மோட்சத்துக்கே போயிரலாம்னு பாக்குறீங்களா?"

அவள் சொன்னதும் சரிதான். சட்டியை ஷெட்டுக்கு வெளியே, எட்ட வைத்தார்கள். குழந்தையை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, ரோஸ்மேரி முறத்தால் விசிறிப் புகையை உள்ளே அனுப்பினாள். என்ஜின் விசிறி அதைக் கலைத்துவிடாமலிருக்க அதன் வாரைக் கழற்றிவிட்டு, கிரகரி என்ஜினைக் கிளப்பி வேகம் குறையாமல் ஓடவிட்டிருந்தார்.

"லோரிக்கு ஆராதனையா! பாட்டு நான் எடுக்கவா மாப்ள?" என்றார் லியோனார்ட்.

யாரும் சிரிக்கவில்லை. புகை என்ஜின் மேல் படர்ந்து, சோம்பலாகப் புரண்டது. கார்பரேட்டரும் என்ஜினுக்குள் போகிற குழாயும் சேரும் மூட்டின் அடிப்பக்கம் வந்தபோது அதிலிருந்து நூல் போல ஓர் இழை பிரிந்தது. கீழே வளைந்தது. இரும்புக்குள் நுழைந்து காணாமல் போனது. அடுத்த இழையும் அங்கேயே போனது.

கிரகரி அசையாமல் நின்றார். இத்தனை நாளும் திட்டி, உதைத்து ஓட்டிய இரும்பு அது. பக்கத்தில் மகள் மாமன் தோளில் மூச்சு விடுகிறாள். இங்கே இதுவும் விடுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று எப்போதும் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு பிடி சாம்பிராணி அதைக் காட்டிவிட்டது. முறத்தை நிறுத்திவிட்டு ரோஸ்மேரி தன்னையறியாமல் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அந்த இணைப்பைக் கழற்றிப் பார்த்தால், நடுவில் வைத்திருந்த அட்டை சுருங்கி, ஒரு முடி நுழைகிற சந்து விட்டிருந்தது. புது அட்டைக்கு எங்கே போவது? தேயிலைப் பெட்டிக்குள் பனி இறங்காமலிருக்க ஒட்டுகிற ஈயத் தகட்டை, உடைந்த பெட்டி ஒன்றிலிருந்து உரித்து, மடித்து, ரோஸ்மேரியின் கத்தரிக்கோலால் வெட்டி வைத்து இறுக்கினார்.

மறுநாள் காவல் கொட்டகை. அதிகாரியும் நின்றிருந்தான். கிரகரி காலை எடுத்து, இறங்கி, குனிந்தார். குனிந்தவருக்குத் தெரிந்தது மண்ணும் பூட்ஸும்தான். முதுகுக்குப் பின்னால் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நிமிரச் சொல்லவில்லை. பூட்ஸ் நடந்து போய் லோரியின் முன்சக்கரத்துக்கு அருகே நின்றது. அணையட்டும் என்று காத்திருந்தது. கிரகரிக்கு நெற்றியில் வேர்வை வழிந்து மூக்கு நுனியில் சொட்டியது. என்ஜின் தன் பாட்டுக்கு மூச்சு விட்டது.

பூட்ஸ் திரும்பியது.

"ஜாலான்!"

போகச் சொல்லிவிட்டான். வளைவுகள் சில தாண்டி, கொட்டகை மறைந்த பிறகு, ஒருவரும் கேட்காமலேயே கிரகரி ஓரமாக வண்டியை நிறுத்தினார். ஆக்சிலரேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுத்தார்.

"ஏன் மாப்ள நிறுத்திட்ட?"

"சும்மா இரு மச்சான். அது மூச்சு விடுறத கொஞ்சம் கேட்டுட்டுப் போலாம்."