தெருக்குழாய்க்கு நான் போட்ட கட்டைவிரல்

நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். நாலு பேர் முன்னால் பேச வராது. செஞ்சியில் எங்கள் வார்டுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. கவுன்சிலர் அதில் எது அனுப்பினாலும் கட்டைவிரல் படம் போட்டுவிடுவேன். பதில் போடாவிட்டால் மரியாதையாக இருக்காது என்று நினைப்பு. நீளமாக இருந்தால் படிக்கவும் மாட்டேன்.

ஒருநாள் சிமென்ட் ரோடு போட வந்தவர்கள், தெருக்குழாயை எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். எதிர்வீட்டுக் கன்னியம்மாவுக்கு அதை விட்டால் தண்ணீர் கிடையாது. போனும் கிடையாது. குடத்தோடு வந்து குழாயை மறித்து நின்றாள்.

"யாரக் கேட்டு எடுக்கறீங்க?"

"எடுக்கலாமான்னு குரூப்ல கேட்டமேம்மா. எல்லாரும் சரின்னுட்டாங்க," என்றார் கூட வந்திருந்த கவுன்சிலர்.

அவள் வாசலில் நின்ற என் பக்கம் திரும்பினாள். "நீ அந்த குரூப்புல இருக்கற இல்ல? சொல்லுண்ணா, நாம எப்ப சரின்னோம்?"

கவுன்சிலர் சிரித்துக்கொண்டே போனைக் காட்டினார். "மொத கட்டைவிரலே அண்ணனோடதுதாம்மா."

கன்னியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கு இன்னாண்ணா, வூட்டுக்குள்ளயே கொழா இருக்குது."

படிக்காமல் போட்டுவிட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. என் போனில் அந்தக் குழுவைத் திறந்து, குரல் பதிவை அழுத்தி அவளிடம் நீட்டினேன். பொரிந்து தள்ளினாள். அதைக் கேட்டுப் பலரும் குழாய் இருக்கட்டும் என்று எழுதினார்கள். கடைசியில் அதை ஓரமாக மாற்றி வைத்தார்கள்.

வேண்டுமென்றேதான் அந்தக் கட்டைவிரலைப் போட்டேன் என்று கன்னியம்மா இன்றும் நினைத்துக்கொண்டிருக்கலாம். நான் இன்னும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. வாய் திறக்காதவனால் யாருக்கும் கெடுதல் வராது என்று அதுவரை நம்பியிருந்தேன்.