விண்ணரசியின் உமிக்கரி

தாராசுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் விண்ணரசிக்கு வீம்பு கொஞ்சம் அதிகம். இல்லாவிட்டால் 1998-லேயே பட்டறையை மூடியிருப்பாள். அந்த வருடம்தான் அவள் பட்டறைத் தண்ணீர் வாய்க்காலில் கலந்து, விவசாயி வீரையனின் நாற்றங்காலைச் சிவப்பாக்கியது. மனிதர் சண்டைக்கு வரவில்லை. பட்டறைச் சாக்கடை, வாய்க்காலோடு சேரும் இடத்தில் மண்ணைக் கொட்டி அடைத்துவிட்டார். தண்ணீர் போக வழியில்லாமல் சாய அடுப்பு அணைந்தது.

"பேசாம வித்துட்டு இங்க வந்துடு," என்றார் குவைத்திலிருந்து கணவர் கிளமென்ட்.

"நீங்க வேணும்னா இங்க வாங்க," என்று போனை வைத்துவிட்டாள்.

குடிதண்ணீர்ப் பானையில் உமிக்கரி போட்டுத் தெளியவைப்பது அவள் வீட்டு வழக்கம். அதே நினைப்பில், அரிசி ஆலையில் மலைபோல் கிடந்த உமியைக் கொண்டுவந்து கரியாக்கி, பீப்பாயில் நிரப்பி, மீந்திருந்த சாயத்தண்ணீரை ஊற்றினாள். சிவப்பாகப் போனது சிவப்பாகவே வெளியே வந்தது. தெருவே சிரித்தது. சிரிக்க மட்டும் நம் ஆட்களுக்கு எப்போதும் நேரம் இருக்கும்.

அந்த வாரம் பக்கத்து வீட்டு அம்சவல்லி, சாயம் போன பட்டுப்புடவையோடு அழுதுகொண்டு வந்தாள். அழுக்குப் போகட்டும் என்று சலவைச் சோடாவில் ஊறவைத்தாளாம்.

"சோடா பட்டா சாயம் நிக்குமாடி? ஆசிட் விட்டாத்தானே பிடிக்கும்," என்று திட்ட ஆரம்பித்த விண்ணரசி, பாதியில் நிறுத்திவிட்டாள். சாயம் போடுமுன் நூலைச் சோடாவில் அவிக்கும் பழக்கத்தில், அந்தக் கரியையும் சோடாவில்தான் அலசியிருந்தாள்.

புதுக் கரியை நல்ல தண்ணீரில் அலசி, சாயத்தண்ணீரில் கொஞ்சம் ஆசிட் சேர்த்து ஊற்றினாள். கரி நிறத்தைப் பிடித்துக்கொண்டது. வெளியே வந்த தண்ணீரின் புளிப்பைச் சுண்ணாம்பு போட்டு முறித்துவிட்டு, வீரையனைக் கூப்பிட்டாள். அவர் நம்பாமல் தன் வெள்ளைத் துண்டை அதில் முக்கிப் பிழிந்து, "சரியாத்தான் இருக்கு," என்றார்.

"ஈரத்துல நிறம் தெரியாதுங்க. காயட்டும், அப்புறம் சொல்லுங்க."

வெயிலில் கொடி கட்டிப் போட்டு இருவரும் காத்திருந்தார்கள். துண்டு வெள்ளையாகவே காய்ந்தது. வீரையன் மண்வெட்டியை எடுத்துப் போய்த் தான் போட்ட அடைப்பைத் தானே வெட்டிவிட்டார்.

திரும்பி வந்தவர் கொஞ்சம் தயங்கினார்.

"தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம்மா. முகூர்த்தப் புடவைக்கு நீங்கதான் சாயம் போடணும். நல்ல கெட்டிச் சிவப்பா போடுங்க."