கோழிகளை அடக்கிய சத்து மருந்து

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறோம். ஒன்பதாவது படிக்கும் என் தங்கை சாந்தியால் ஓர் இடத்தில் உட்காரவே முடியாது. போடுகிற கணக்கைப் பாதியில் விட்டு எழுந்து ஓடிவிடுவாள். வல்லாரை லேகியம், தலைக்கு மூலிகை எண்ணெய் எல்லாம் பார்த்தாயிற்று. கல்லூரியில் படிக்கும் நானும் புத்தகங்களைப் புரட்டினேன், ஒன்றும் பிடிபடவில்லை.

போன மாதம் எங்கள் கோழிகள் ஒன்றையொன்று கொத்திக்கொண்டன. தீவனக் கடையில் சில்லறையாக ஊற்றிக் கொடுத்த சத்து மருந்தைத் தண்ணீரில் கலந்து வைத்ததும் அடங்கிவிட்டன. உடனே அப்பாவுக்கு ஒரு யோசனை.

"ஏனுங்கப்பா, இதைக் குடிச்சா நானும் முட்டை போடோணுமா?" என்று சிரித்தாள் சாந்தி.

"கோழிக்கே ஒண்ணும் பண்ணலை, குடி சாமி" என்று ஒரு டம்ளர் கலந்து கொடுத்தார். எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

மதியத்துக்குள் வாந்தி. பிறகு கண் செருகிவிட்டது, கூப்பிட்டால் பதிலில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், "மருந்துல என்ன கலந்திருக்குது?" என்று கேட்டார். பெயர் ஒட்டாத பாட்டிலைத்தான் எங்களால் காட்ட முடிந்தது. கடைக்கு ஓடினேன், ஞாயிற்றுக்கிழமை, பூட்டிக் கிடந்தது. குளுக்கோஸ் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை.

மறுநாள் காலையில் கண் விழித்தவள், உடனே கட்டிலைவிட்டு இறங்கப் பார்த்தாள். "நீ ஓடிட்டே இரு சாமி" என்று அப்பா அழுதுவிட்டார்.

இப்போது டாக்டரிடம் காட்டாமல் எந்தச் சத்து மருந்தையும், லேகியத்தையும் அவளுக்குக் கொடுப்பதில்லை. சாந்தி மட்டும் அப்படியேதான் இருக்கிறாள். அவளுக்கு என்ன செய்வதென்று டாக்டருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.