குதிரையின் மேல் விழுந்த பழி

எழுபத்தாறு வயதில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டு, குதிரைகளைப் பார்ப்பதற்காக ஜெர்மனிக்குப் போனேன். ஸ்ரீரங்கத்தில் நான் இருக்கும் அடுக்ககத்தில் யாரும் இதை நம்பவில்லை. "பொண்ணு வீட்டுக்குப் போறீங்க, அத நேராச் சொல்லுங்க சார்" என்றார் எதிர்வீட்டுக்காரர். அவர் சொன்னதும் சரிதான். மகள் அங்கே பதினைந்து வருடமாக மென்பொருள் வேலையில் இருக்கிறாள். அவள் ஊரிலிருந்து ஒரு மணி நேர ரயில் தொலைவில் உலக அளவிலான குதிரையேற்றப் போட்டி நடந்தது. அதற்காகவே அலுவலகத்தில் பத்து நாள் லீவு போட்டு, போட்டி மைதானத்தில் தன்னார்வலராகச் சேர்ந்திருந்தாள். எனக்கும் டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள்.

நான் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவளிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. இருபத்தைந்து வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அவள் பிளஸ் டூ முடித்தபோது நாங்கள் கைலாசபுரம் டவுன்ஷிப்பில் குடியிருந்தோம். நான் ஆலையில் பொறியாளர். அவளுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க ஆசை. சின்னப் பெண்ணின் விளையாட்டு ஆசை இல்லை அது. தென்னூரில் டியூஷன் போகும் தெருவில் அப்போதும் ஒரு ஜட்கா நின்றுகொண்டிருக்கும். அந்தக் குதிரையின் தோளில் வார் உரசி உரசிப் புண்ணாகியிருந்தது. கால்நடை மருத்துவமனையில் தானே போய்க் கேட்டு மருந்து வாங்கி வந்து, வண்டிக்காரரோடு சண்டை போட்டு, இரண்டு வாரம் பூசி அதை ஆற்றினாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது.

விண்ணப்பம் போட்டாள். கவுன்சிலிங்குக்கு அழைப்புக் கடிதமும் வந்தது. அன்று எனக்கு இரண்டாவது ஷிஃப்ட். பகலில் நான் மட்டும் வீட்டில் இருந்தேன். தபால்காரரிடமிருந்து வாங்கியதும் நானே பிரித்துப் படித்தேன். அவளுடைய ரேங்க் நூற்று நாற்பத்தொன்று. நிச்சயம் சீட் கிடைக்கக்கூடிய இடம். கடிதத்தை மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். தேதி கடக்கும்வரை அது ஆலையில் என் அலமாரியில் இருந்தது. பிறகு கிழித்துப் போட்டேன். அவளிடம் "கட் ஆஃப்ல வரலம்மா" என்றேன்.

ஏன் செய்தேன் என்பதற்கு அலங்காரமான விளக்கம் எதுவும் என்னிடம் இல்லை. டவுன்ஷிப்பில் ஜூன், ஜூலை மாதங்களில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எந்தக் காலேஜ், எந்த பிராஞ்ச்? என் மகள் மாட்டு டாக்டருக்குப் படிக்கிறாள் என்று நான் சொல்லி, கேன்டீனில் நாலு பேர் சிரிப்பதைக் கற்பனை செய்து பார்த்தேன். அவ்வளவுதான். அடுத்த மாதம் சென்னையில் இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கல்லூரி என்று விரலை நீட்டிக் காட்டியவனும் நான்தான். அவள் திரையைப் பார்க்கவே இல்லை. "உங்களுக்கு எது சரின்னு படுதோ அதுப்பா" என்றாள்.

போட்டிக்கு வருகிறேன்.

நான் பார்த்தது டிரஸாஜ் என்ற பிரிவு. தாண்டுவதோ பந்தயமோ கிடையாது. மணல் பரப்பிய களத்தில் ஒரு குதிரை தனியாக வந்து, மேலே இருப்பவரின் சிறு சைகைக்கு ஏற்றபடி வகைவகையாக நடந்து காட்டும். நடுவர்கள் ஒவ்வொரு நடைக்கும் மதிப்பெண் போடுவார்கள். பல்லாயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கில் குதிரையின் மூச்சு கேட்கிறது, அத்தனை அமைதி. எனக்கு மூன்றாவது வரிசையில், களத்தின் ஓரமாகவே இடம். அன்று மகளுக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை என்பதால் பக்கத்தில் இருந்தாள்.

"அப்பா, நடுவுல கை தட்டக் கூடாது. முடிஞ்சதும்தான்."

"தெரியும்மா. மூணு தடவ சொல்லிட்ட."

"நீங்க கிரிக்கெட் பாக்கறப்ப போடற சத்தம் எனக்குத் தெரியும். அதான்."

காலையிலிருந்து ஏழெட்டுக் குதிரைகள் பார்த்தோம். நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். பிறகு ஒரு செந்நிறக் குதிரை வந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருவர் அதன் மேல் இருந்தார். குதிரை எங்களுக்கு நேர் எதிரே வந்து, முன்னே போகாமல், நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி எடுத்து வைத்தது. பிறகு மெதுவாக, மிதப்பது போல முன்னே நகர்ந்தது. மறுபடி நின்ற இடத்தில். மறுபடி முன்னே.

ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசித் திருவிழாவின்போது, வேடுபறி அன்று பெருமாள் தங்கக் குதிரை வாகனத்தில் மணல்வெளிக்கு வருவார். வாகனத்தைத் தோளில் தாங்குகிறவர்கள் அதை நிஜக் குதிரை போலவே நடத்துவார்கள். சட்டென்று ஓடுவார்கள், நிற்பார்கள், பின்வாங்குவார்கள், மறுபடி பாய்வார்கள். இதற்கு வையாளி என்று பெயர். ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்துக்குக் குடி வந்ததிலிருந்து ஒரு வருடமும் நான் அதைத் தவறவிட்டதில்லை. குதிரை பாயும்போது கூட்டம் முழுவதும் ஒரே குரலில் கத்தும். அங்கே கத்தாமல் நிற்பவனைத்தான் விசித்திரமாகப் பார்ப்பார்கள்.

செந்நிறக் குதிரை மூன்றாவது முறை முன்னே எழும்பியபோது நான் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, "ரங்கா! ரங்கா!" என்று கத்திவிட்டேன்.

குதிரையின் காதுகள் இரண்டும் என் பக்கம் திரும்பின. ஓர் அடி தடுமாறியது. அடுத்த நடை குலைந்து, இரண்டு மூன்று எட்டு வேகமாக ஓடி, பிறகுதான் ஒழுங்குக்கு வந்தது. சுற்றிலும் நூறு முகங்கள் என்னைப் பார்த்தன. மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"என்னப்பா இது!"

"தெரியலம்மா. தானா வந்துடுச்சு."

சீருடை போட்ட ஒருவர் வந்து குனிந்து ஏதோ சொன்னார். மகள் முகம் சிவக்க அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் போனதும் சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கினாள். "எல்லா நாட்டுக்காரங்களும் வந்திருக்காங்க. ஒருத்தராச்சும் சாமியக் கூப்பிட்டாங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்மணியின் மதிப்பெண் குறைந்துபோனதைப் பலகையில் பார்த்தேன். எத்தனை வருட உழைப்போ. நான் அவரிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்றேன்.

"அதெல்லாம் வேணாம்ப்பா. அவங்களுக்கு நீங்கதான்னே தெரியாது. பெரிய அரங்கம், எங்கிருந்தோ ஒரு சத்தம். விட்டுடுங்க."

"தப்பு பண்ணது நான். சொல்லாம வந்தா எனக்குத் தூக்கம் வராது."

இந்த வாக்கியம் என் வாயிலிருந்து எந்தக் கூச்சமும் இல்லாமல் வந்தது. இருபத்தைந்து வருடம் நன்றாகத் தூங்கியவன் நான்.

மதியம் மகள் தன் அடையாள அட்டையைக் காட்டி, பயிற்சிக் களத்தின் வேலி வரைக்கும் அழைத்துப் போனாள். செந்நிறக் குதிரையை ஒருவர் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி குனிந்து அதன் பின்னங்காலையே பார்த்தபடி கூட நடந்தார். மகள் கூப்பிட்டதும் வேலிக்கு வந்தார். நான் ஆங்கிலத்தில் தொடங்கினேன். எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். ஆனால் அவருக்கு அவ்வளவாக வராது. மகள் ஜெர்மன் மொழியில் எடுத்துச் சொன்னாள். நான் கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன்.

அவர் முதலில் கண்களை விரித்தார். பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு பெரிதாக மூச்சு விட்டு, படபடவென்று பேசினார். முடிக்கும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குதிரையை நடத்துபவரைப் பார்த்து ஏதோ உரக்கச் சொன்னார். அவர் கட்டை விரலை உயர்த்தினார்.

"என்னம்மா சொல்றாங்க? திட்டறாங்களா?"

"இல்லப்பா. நன்றி சொல்றாங்க. சத்தம் கேட்டது அவங்க கவனத்துலயே இல்லையாம். எதனால தடுமாறிச்சுன்னு புரியாம, காலுல ஏதோ கோளாறுன்னு நெனச்சுட்டாங்களாம். டாக்டரக்கூடக் கூப்பிட்டுட்டாங்க. நாளைக்குக் களத்துல இறக்க வேணாம்னு முடிவு பண்ணிட்டிருந்தாங்களாம்."

"அப்புறம்?"

"நீங்க சொல்லாம போயிருந்தா, பாவம், குதிரை மேல தப்பே இல்லாம அது மேலயே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்திருப்பாங்களாம்."

மகள் இதைச் சாதாரணமாக, மொழிபெயர்க்கும் வேகத்தில் சொன்னாள். பக்கத்தில் இருந்த மர பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

எங்கள் குடும்பத்தில் ஒரு கேலி உண்டு. என் அண்ணன் ஆரம்பித்த கேலி, பிறகு எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. லால்குடியில் அண்ணன் வீட்டில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், "மாட்டு டாக்டரம்மா வராங்க, கட் ஆஃப் வந்துச்சாம்மா?" என்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே, "எங்க வந்துச்சு பெரியப்பா, பயாலஜில கோட்டை விட்டுட்டேனே" என்பாள். வேலையில் பதவி உயர்வுக்கான தேர்வு வந்தபோது, "எனக்குப் பரீட்சைன்னாலே ஆகாதுப்பா" என்று எழுதாமலேயே விட்டாள். அந்தக் கேலிகளின்போதெல்லாம் நான் அதே கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த பெஞ்சிலேயே சொல்லிவிட்டேன். முன்னுரை எதுவும் போடவில்லை.

"உனக்கு வெட்னரி கவுன்சிலிங் லெட்டர் வந்துச்சும்மா. நான்தான் மறைச்சேன். கட் ஆஃப் வரலன்னு சொன்னது பொய்."

அவள் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். மூடி எப்போதோ இறுகிவிட்டது.

"என் ரேங்க் என்ன?"

"நூத்தி நாப்பத்தொண்ணு."

"இன்னும் ஞாபகம் இருக்கா?"

"மறக்கல."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. யாருக்கும் தெரியாது."

என் மனைவி இறந்து மூன்று வருடம் ஆகிறது. மகள் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். "அம்மா ஆஸ்பத்திரில இருக்கறப்பக்கூட எங்கிட்ட சொன்னாங்க, 'அந்த வருஷம் உன்ன இன்னொரு டியூஷன் சேத்து விட்டிருக்கணும்டி, எங்க தப்பு'ன்னு" என்றாள். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு வேலை இருக்கு. ஆறு மணிக்கு மெயின் கேட் கிட்ட வந்து நில்லுங்க" என்று எழுந்து போனாள்.

நான் திரும்ப அரங்குக்குப் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். குதிரைகள் வந்தன, போயின. ஆறு மணிக்கு வாசலில் நின்றேன். வந்தாள். ரயிலில் எனக்கு ஜன்னல் சீட் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டாள். மிச்சமிருந்த நாட்களிலும் வேளைக்குச் சோறு போட்டாள், மாத்திரையை எடுத்து வைத்தாள், போட்டிக்கு அழைத்துப் போனாள். செந்நிறக் குதிரை மறுநாள் இறங்கிப் பிரமாதமாக ஆடியது. நாங்கள் இருவரும் முடிந்த பிறகு கை தட்டினோம். ஆனால் அவள் என்னை 'அப்பா' என்று கூப்பிடாமல் பேசப் பழகிக்கொண்டாள். தமிழில் அது எவ்வளவு கஷ்டம் என்று அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டேன்.

அதைப் பற்றி விமான நிலையத்தில்தான் வாயைத் திறந்தாள்.

"எனக்கு ஒண்ணு செய்யணும் நீங்க."

"சொல்லும்மா."

"என்னக் கிண்டல் பண்ணவங்க எல்லாரும் இருக்கறப்ப, அதே லால்குடி வீட்டுல, நீங்க எழுந்து நின்னு சொல்லணும். தனித்தனியா போன்ல இல்ல. ரேங்கோட சேத்துச் சொல்லணும்."

"சொல்றேன்."

"நான் அங்க இருக்க மாட்டேன். நான் இருந்தா எல்லாரும் என்னச் சமாதானம் பண்ண ஆரம்பிச்சுடுவாங்க."

ஊருக்கு வந்த இரண்டாவது மாதம் லால்குடி வீட்டில் அண்ணன் பேத்திக்குக் காது குத்து வந்தது. பந்தி ஆரம்பிப்பதற்கு முன் கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். நான் எழுந்து நின்று, அந்த பெஞ்சில் சொன்ன அதே மூன்று வாக்கியங்களைச் சொன்னேன். ரேங்கையும் சொன்னேன். அண்ணனுக்கு எண்பத்திரண்டு வயது. "நல்ல நாளும் அதுவுமா இப்ப எதுக்குடா இது? பொண்ணு நல்லாத்தானே இருக்கா, லட்சம் லட்சமா சம்பாதிக்கிறா" என்றார்.

"அவ நல்லா இருக்கறது வேற. நாம இத்தனை வருஷம் சிரிச்சது பொய்யான ஒண்ணுக்கு. அத நீங்க எல்லாரும் தெரிஞ்சுக்கணும்" என்றேன். எழுபத்தாறு வயதில் முதல் முறையாக அந்தக் கூடத்தில் நிமிர்ந்து நின்றதாக எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. அண்ணி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம்ய்யா அந்தப் புள்ள" என்றார். சின்னவர்கள் சிலர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை குறைந்திருந்தது. குறைய வேண்டியதுதான்.

சாயங்காலம் ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பியதும் போன் செய்தேன். யார் யார் இருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள், பெரியப்பா முகம் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எதையும் மெருகேற்றாமல் சொன்னேன்.

"சரிப்பா" என்றாள். "ஞாயித்துக்கிழமை வழக்கம் போலக் கூப்பிடறேன். அதுக்காக மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க."

"நெனைக்கலம்மா" என்றேன்.